ஒன்றும் கிடைக்காத குழு

லிஃப்ட்காரர் என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். பலமாடிக் கடை ஒன்றில் காலமெல்லாம் லிஃப்ட் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர், குடியிருப்பதோ லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தின் உச்சி மாடியில். இந்த வேடிக்கையை அவரே சொல்லிச் சிரிப்பார், ஆள் கிடைத்தால். ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் வேறு ஊரில். மாதம் பிறந்தால் ஒரு போன் வரும். "என்னப்பா நல்லாருக்கீங்களா சரி வெச்சிடறேன்" என்பதை நடுவில் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும் சாமர்த்தியம் அந்தப் பிள்ளைக்கு.

லிஃப்ட்டுக்குள் இருந்த காலத்தில் அவருக்கு மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை. என்ன, ஏறுகிறவர்கள் பேச்சைப் பாதியில் கொண்டுவருவார்கள், மீதியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நடுத்துண்டு மட்டும் இவருக்கு. எத்தனையோ குடும்பங்களின் சண்டைகளில் நடுத்துண்டு அவரிடம் பத்திரமாக இருந்தது. எது எப்படி ஆரம்பித்தது, யார் கடைசியில் மன்னிப்புக் கேட்டார்கள் என்று ஒன்றுக்கும் விவரம் தெரியாது.

ஓய்வு பெற்றபின் நடுத்துண்டும் நின்றுபோனது. தெரிந்த தெருவிலேயே நின்று போகிறவர் வருகிறவரிடம் வழி கேட்க ஆரம்பித்தார். மருந்துக்கடைக்குப் போய், தனக்கில்லாத நோய்க்கெல்லாம் மாத்திரை விசாரித்தார். அப்படி ஒருநாள் விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் கடைக் கண்ணாடியில் அந்தத் தாளைப் பார்த்தார்.

"நீங்கள் தனிமையில் இருக்கிறீர்களா? எங்களுக்கு நீங்கள் தேவை. பல்கலைக்கழக நல்வாழ்வு அறிவியல் ஆய்வுத்துறை."

தேவை என்ற சொல்லை அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டும் படித்தார், கழற்றியும் படித்தார். இரண்டு விதத்திலும் அது தேவை என்றுதான் இருந்தது. மறுநாளே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆய்வுத்துறையின் காத்திருப்புக் கூடம் விசித்திரமாக இருந்தது. ஊரில் உள்ள தனிமைக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் யாரும் யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் வாக்குச்சாவடியில் வைப்பதுபோல அட்டை மறைப்பு. நடுவே ஒரு காவலாளி விரலை உதட்டில் வைத்தபடி உலாத்திக்கொண்டிருந்தார்.

"பேசக் கூடாதாப்பா?" என்று லிஃப்ட்காரர் கிசுகிசுத்தார்.

"கூடவே கூடாது சார். பேசிட்டா உங்களுக்கெல்லாம் சரியாயிடுமாம். சரியாயிட்டா அப்புறம் அளக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதாம்."

பக்கத்து மறைப்பிலிருந்து ஓர் இருமல் கேட்டது. அந்த இருமல் அவருக்குத் தெரியும். கீழ்வீட்டு இசை டீச்சர். ஒரே கட்டடத்தில் இத்தனை காலம் இருந்தும் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம், "மழை வரும்போலருக்கு", "ஆமா, வரும்போலத்தான் இருக்கு" என்ற அளவில்தான். டீச்சரும் தனிமையா என்று அவருக்கு ஆச்சரியம். பதிலுக்கு இருமினார். காவலாளி முறைத்தார்.

உள்ளே கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஆய்வு மேலாளர் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினார். சீட்டுக் குலுக்கிப் போடுகிற வேலையை அது செய்யுமாம்.

"நீங்க இரண்டாம் குழு. முதல் குழுவுக்கு வாராவாரம் ஒரு துணையாளர் வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போவார்."

"எங்க குழுவுக்கு சார்?"

"ஒண்ணும் கிடையாது."

லிஃப்ட்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் ஃபெயிலா?"

"சேச்சே, என்ன இப்படிச் சொல்லிட்டீங்க! இந்த ஆய்வோட முதுகெலும்பே நீங்கதான். உங்களை வெச்சுத்தான் அவங்களை ஒப்பிடப் போறோம்."

"ஒண்ணும் இல்லாம வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு நான் இங்க வரணுமா சார்? ஏற்கெனவே அப்படித்தானே உக்காந்திருக்கேன்?"

மேலாளர் பொறுமையாக விளக்கினார். "நீங்களா தனியா இருந்தா அது வெறும் தனிமை. நாங்க முறைப்படி ஒண்ணுமே குடுக்காம இருந்தா அது விஞ்ஞானம். இனிமே உங்க தனிமைக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பு. ஆய்வு முடியற வரைக்கும் புதுசா யார்கூடவும் பழக்கம் வெச்சுக்காதீங்க. நண்பர் யாராவது கிடைக்கற மாதிரி அறிகுறி தெரிஞ்சா, முன்கூட்டியே எங்களுக்குத் தெரியப்படுத்திடுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாரோ, தேவை என்ற சொல்லை விட மனசில்லையோ, நமக்கென்ன தெரியும்.

ஆனால் ஒன்றும் கிடைக்காத குழுவுக்கும் ஒன்று கிடைத்தது. ஒன்றுமே கிடைக்காமல் அவர் எவ்வளவு வாடுகிறார் என்று அளந்துபோக வாராவாரம் ஆள் வர வேண்டுமே! அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். ஆராய்ச்சி மாணவி. மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்க, தோளில் பெரிய பை. கட்டடத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் விழ அதிக நேரம் ஆகவில்லை.

"கடந்த வாரத்தில், உங்கள் பேச்சைக் கேட்க யாருமில்லை என்று உணர்ந்தீர்களா? ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்" என்று அவள் செய்தி வாசிப்பதுபோல வாசித்தாள்.

லிஃப்ட்காரர் யோசித்தார். "இப்படி வெச்சுக்கோயேன் அம்மாடி. ஒருநாள் லிஃப்ட்டுல ஒரு புருஷன் பொண்டாட்டி ஏறினாங்க. அந்தம்மா கையில ஒரு திரைச்சீலைத் துணி. 'இது உங்க அக்காவுக்குத்தானே'ன்னு கேட்டுட்டே ஏறுது. அந்தாளு வாயே திறக்கலை..."

துறை கொடுத்த கையேட்டின்படி, பதில் சொல்பவரை இடைமறிக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, தலையாட்டக் கூடாது. அந்தப் பெண் தலையைச் சுளுக்குப் பிடித்தவள்போல நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரைச்சீலைக் கதை மாடிக்கு மாடி வளர்ந்து, அந்தம்மா துணியைத் தரையில் போட்டு மிதிக்கும் இடத்துக்கு வந்து நின்றது.

"அப்புறம்?" என்றாள் அவள்.

கையேட்டில் இல்லாத சொல். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்புறம் என்ன, அவங்க இறங்கற மாடி வந்துடுச்சு" என்றார் லிஃப்ட்காரர், முகமெல்லாம் பல்லாக. அவர் வாழ்க்கையில் அவரை யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. "ஆனா நீ கேட்டதுக்குப் பதில், 'அடிக்கடி'ம்மா."

அடுத்தடுத்த வாரங்களில் ஒரு கேள்விக்கு ஒரு கதை என்று நடந்தது. டீயும் நடந்தது. பெண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தாள். வாடகை அறையில் ஒற்றையாக இருக்கிறாள். தனிமை பற்றி ஆராய ஆரம்பித்ததிலிருந்து ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசக்கூட நேரமில்லை.

"என் ரூம்ல பேசறது ஃபேன் மட்டும்தான் ஐயா. அதுவும் கரண்ட் இருந்தா."

"எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்?"

"பட்டத்துக்குத்தான். அதுவே இப்ப தொங்கலா இருக்கு. உங்க குழுவுல ஒவ்வொருத்தரா கழண்டுக்கறாங்க. ஒண்ணுமே குடுக்காத எடத்துல யாரு உக்காந்திருப்பாங்க, சொல்லுங்க? நீங்களும் போயிட்டா ஒப்பிட ஆளே இல்லை. இத்தனை வருஷப் படிப்பும் போச்சு."

"நான் எங்கம்மா போகப்போறேன்" என்றார் லிஃப்ட்காரர். "கவலையை விடு. உன் பட்டம் வர்ற வரைக்கும் நான் தனியாவே இருந்து காட்டறேன்."

கீழ்வீட்டு டீச்சருக்கு அடித்தது யோகம் என்று கட்டடமே பேசிக்கொண்டது. முதல் குழு அல்லவா! பளபளப்பான உடுப்பில் ஒரு துணையாளர் வாராவாரம் வந்து இறங்கினார். அங்கீகரிக்கப்பட்ட உரையாடல் தொகுப்பு என்று ஒரு புத்தகம், ஓர் அலாரம், இவற்றோடு டீச்சருக்கு எதிரே உட்காருவார்.

"இன்றைய வானிலை பற்றித் தங்கள் கருத்து என்ன?"

"அவர் போனதுலேர்ந்து நான் ஜன்னலே திறக்கறதில்லை தம்பி" என்பார் டீச்சர்.

துணையாளர் புத்தகத்தைப் புரட்டுவார். "கணவர் மறைவு பின்னாடி வர்ற தலைப்பும்மா. இந்த வாரம் வானிலை, அடுத்த வாரம் வீட்டுச்செடிகள். வரிசையை மாத்தக் கூடாது."

"எங்க வீட்டுல செடியே இல்லையே."

"அப்படின்னா அந்த வாரம் சும்மா உக்காந்திருக்கலாம். ஆனா சிரிச்ச முகமா உக்காரணும், அதுவும் நெறிமுறையில இருக்கு."

அலாரம் அடித்ததும், டீச்சர் எந்தச் சொல்லில் இருந்தாலும் அந்தச் சொல்லோடு விட்டுவிட்டு அவர் எழுந்து போய்விடுவார். கணவர் மறைவுத் தலைப்பு ஒருவழியாக வந்த வாரம் துணையாளருக்கு விடுமுறை. அது நடந்து முடிந்ததாகவே பதிவானது. அதற்குப் பிறகு டீச்சர் ஹார்மோனியத்தின் மேல் துணியைப் போட்டு மூடியவர் திறக்கவே இல்லை.

ஒருநாள் மாடிப்படியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். டீச்சரின் முகத்தைப் பார்த்த லிஃப்ட்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"டீச்சர், மேல வாங்களேன். ஒரு டீ சாப்பிட்டுப் போகலாம்."

டீச்சர் சட்டென்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ சார், நீங்க இரண்டாம் குழு. உங்ககூட நான் பேசினா மாசுபட்டுடுமாம். துறையில சொல்லி அனுப்பியிருக்காங்க."

"யாரு மாசுபடுவாங்க? நீங்களா, நானா?"

"அது தெரியலை சார். யாரோ ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். லிஃப்ட்காரர் நடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு இல்லாவிட்டால் பின்னாலேயே போயிருப்பார்.

இதற்கிடையில் ஆய்வுத்துறையில் பெரிய கலவரம். லிஃப்ட்காரரின் தனிமை இறங்கு முகத்தில் இருந்தது. எப்போதும் என்பது அடிக்கடி ஆகி, அடிக்கடி சில நேரம் ஆகி, போன வாரம் ஒரு கேள்விக்கு ஒருபோதும் இல்லை என்றே சொல்லிவிட்டார். ஒன்றும் கொடுக்கப்படாத ஒருவர் எந்த உரிமையில் குணமாகிறார் என்று விசாரிக்க மேலாளரே மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கேள்விக்காரியும் கூட வந்தாள், குனிந்த தலையோடு.

மேலாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"நாய், பூனை ஏதாவது?"

"இல்லை சார்."

"ரேடியோகூட பேசறீங்களா?"

"அது பேசும். நான் பதில் சொல்றதில்லை."

"கீழ்வீட்டம்மாகூட...?"

"சேச்சே. மாசுபட்டுடுமே."

"அப்ப யாருதான் சார் உங்களைக் கெடுக்கறாங்க? யாரோ இங்க வர்றாங்க. எனக்கு நல்லாத் தெரியுது."

லிஃப்ட்காரர் வெள்ளந்தியாகச் சொன்னார். "யாரும் வர்றதில்லை சார். இந்தப் பொண்ணு மட்டும்தான் வருது."

மேலாளர் சலித்துக்கொண்டார். "நான் ஆளைப் பத்திக் கேட்டா நீங்க இவங்களைச் சொல்றீங்க. இவங்க ஆள் இல்லை சார். அளவுகோல். ஜுரம் பாக்க வர்ற தெர்மாமீட்டரைப் போய் யாராவது விருந்தாளின்னு சொல்வாங்களா?"

அளவுகோல் அடுப்பங்கரை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கையில் பாதி குடித்த டீ. மேலாளரின் பார்வை அந்தக் கோப்பையில் போய் விழுந்தது.

"அளவுகோல் டீ குடிக்குதா?" என்றார் மேலாளர்.

"எனக்குப் போட்டது சார் அது" என்று லிஃப்ட்காரர் பாய்ந்து போய்க் கோப்பையை வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். "பிடிச்சுக்கச் சொன்னேன். கை நடுங்குது எனக்கு."

மேலாளர் நம்பினாரோ இல்லையோ, போகும்போது புதிய விதி ஒன்றை விட்டுப் போனார். இனிமேல் அளவுகோல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் கேள்வி கேட்க வேண்டும். முகத்தைக் காட்டினால் பதிலில் கலப்படம் வந்துவிடும்.

அதன்பின் அவள் வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரிடம் கேள்வி கேட்டாள். லிஃப்ட்காரர் அவள் பின்னலைப் பார்த்தபடி கதை சொன்னார். சிரிப்பு வரும் இடங்களில் பின்னல் குலுங்கும். அது போதுமாக இருந்தது அவருக்கு.

ஆய்வு ஒருநாள் முடிந்தது. கடைசியாக வந்தபோது அவள் நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை.

"உங்க குழுவுல கழண்டுக்காம இருந்தவங்க எல்லாரும் தேறிட்டீங்க ஐயா. டீச்சர் குழு மொத்தமும் மோசமாயிடுச்சு. அதனால, மனுஷங்க போய்ப் பேசினா தனிமை அதிகமாகும், ஒண்ணுமே செய்யாம விட்டா தானா குணமாகும்னு பெரிய பேராசிரியர் முடிவு எழுதிட்டார். உலகத்துல யாருமே கண்டுபிடிக்காததாம்."

"நீ வந்தியேம்மா?"

"சொல்லிப் பாத்தேன். 'உன்னை நீயே பெருசா நினைச்சுக்காதே, உன்னைக் கழிச்சிட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கோம்'னார்."

"எவ்வளவு கழிச்சாங்க?"

"முழுசா."

லிஃப்ட்காரர் டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தார். பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். விழாவில் அவரை மேடையேற்றப் போகிறார்கள். எல்லோர் முன்னாலும் கேட்பார்கள், வீட்டுக்கு யாராவது வந்து பேசினார்களா என்று.

"நீங்க உள்ளதைச் சொல்லலாம் ஐயா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"சொன்னா உன் பட்டம்?"

அவள் பைக்குள் எதையோ தேடினாள். தேடியது கிடைக்கவில்லை. தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது.

பல்கலைக்கழக அரங்கம் நிரம்பி வழிந்தது. பெரிய பேராசிரியருக்கு மாலைக்கு மேல் மாலை. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்பர்களே, இந்த மனிதருக்கு நாங்கள் என்ன செய்தோம்? ஒன்றுமே செய்யவில்லை! இதை நான் பெருமையோடு சொல்கிறேன். உண்மையில் இந்தத் துறை தோன்றிய நாளிலிருந்தே மக்களுக்கு நாங்கள் ஒன்றும் செய்ததில்லை. ஆனால் அதனால் எவ்வளவு நன்மை விளைந்திருக்கிறது என்பதற்கு இன்றுதான் ஆதாரம் கிடைத்திருக்கிறது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ஒன்றும் செய்யாமல் இருப்பது எளிது என்று சிலர் நினைக்கலாம். அதற்கு இரண்டு கட்டடங்கள், ஏழு நிர்வாகக் குழுக்கள், எண்ணற்ற கூட்டங்கள் தேவைப்பட்டன. இன்று முதல் நகரமெங்கும் தனிமைச் சிகிச்சைத் திட்டம் தொடங்குகிறது. முதியோர் வீடுகளுக்குப் போய்ப் பேசும் பழக்கம் உடனடியாக நிறுத்தப்படும். செலவே இல்லாத மருந்து என்பதால் அரசும் மனமுவந்து ஒப்புதல் அளித்திருக்கிறது. இதோ, குணமானவரே உங்கள் முன் நிற்கிறார். ஐயா, உங்களைத் தேடி யாராவது வந்தார்களா? உங்களோடு யாராவது பேசினார்களா?"

மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார்கள். லிஃப்ட்காரர் கூட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம், பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"இல்லைங்க" என்றார் லிஃப்ட்காரர். "யாரும் வரலை."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சால்வை போர்த்தினார்கள். கதவோரம் மறுபடி பார்த்தபோது அங்கே காவலாளி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது, துறையிலேயே வேலையும் கிடைத்தது என்று கேள்விப்பட்டார். என்ன வேலை என்று சொல்ல ஆளில்லை. நேரில் போய் வாழ்த்தலாம் என்றால், குணமானவர்கள் துறைக்குள் வரக் கூடாது, சிகிச்சை கலைந்துவிடும் என்று காவலாளி தடுத்துவிட்டார்.

முதல் பயனாளி என்ற பெருமை அவரைச் சும்மா விடவில்லை. துறையிலிருந்து வந்து அவர் கதவில் பலகை அடித்துவிட்டுப் போனார்கள்: "இங்கே சிகிச்சை நடைபெறுகிறது. தட்டாதீர்கள். பேசாதீர்கள்." நல்ல மனசு கொண்ட கட்டடம் அது. மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவர் வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பால் போடுகிறவர் முன்பெல்லாம் "சார், பால்!" என்று ஒரு குரல் கொடுப்பார். இப்போது பாக்கெட்டைத் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல வாசலில் கிடத்திவிட்டு, நுனிக்காலில் இறங்கிப் போனார்.

மாதம் பிறந்தது. மகன் போன் செய்தான்.

"அப்பா, டிவில பாத்தேன். ரொம்பப் பெருமையா இருந்துச்சு. இனிமே நான் போன் பண்ணிக் கெடுக்க மாட்டேம்பா. உங்க ட்ரீட்மென்ட்தான் முக்கியம்."

"அப்படியெல்லாம் இல்லைடா, நீ சும்மா..."

"இல்லைப்பா, இதுகூட நான் பேசியிருக்கக் கூடாது. வெச்சிடறேன்."

லிஃப்ட்காரர் கீழே இறங்கிப்போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆய்வுதான் முடிந்துவிட்டதே, இனி யாரை யார் மாசுபடுத்துவது? கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது.

"டீச்சர், நான்தான். இப்பப் பேசலாம்."

"வேண்டாம் சார்" என்றது உள்ளிருந்து குரல். "நான் ஏற்கெனவே மோசமான குழு. இப்பத்தான் எனக்கும் உங்க சிகிச்சையை எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க அவ்வளவு நல்லா தேறியிருக்கீங்க. நானும் தேற வேண்டாமா?"

"டீச்சர், அங்க நான் சொன்னது..."

 உள்ளதைச் சொன்னால் அந்த விரலளவு கதவு முழுசாகத் திறக்கும். திறந்த கதவு வழியாகச் செய்தி துறைக்குப் போகும். கட்டடத்தின் லட்சணம்தான் அவருக்குத் தெரியுமே, இங்கே தும்மினால் அடுத்த தெருவில் ஆசீர்வாதம் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் பட்டம் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறதோ, அங்கிருந்து இறக்கிவிடுவார்கள்.

"அங்க நான் சொன்னது மைக்ல சரியா கேட்டுச்சான்னு கேக்க வந்தேன்" என்றார்.

"நல்லாக் கேட்டுச்சு சார். கணீர்னு இருந்துச்சு."

கதவு சாத்திக்கொண்டது. மேலே ஏறி வந்தார்.

பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தார். எல்லா மருந்துக்கும் இருக்க வேண்டிய விதி இதற்கும் இருந்தது: "பக்கவிளைவுகள் ஏற்பட்டால் உடனே தெரிவிக்கவும்." ஓர் எண்ணும் இருந்தது. மாலை வெயில் படியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போய் அந்த எண்ணைச் சுழற்றினார்.

முதலில் பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. "நீங்கள் சொல்லும் ஒவ்வொரு பக்கவிளைவும் பதிவு செய்யப்படும். வேறொன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லும்வரை இந்த அழைப்பு துண்டிக்கப்படாது." பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"தனிமைச் சிகிச்சை, பக்கவிளைவுப் பிரிவு. வணக்கம்."

செய்தி வாசிப்பதுபோன்ற குரல். லிஃப்ட்காரருக்குக் கை நடுங்கியது, இந்தமுறை நிஜமாகவே.

"அம்மாடி, நீயா?"

மறுமுனையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி அழுத்தி அவள் சொன்னாள்: "இந்த அழைப்பை மேலாளர் கேட்டுக்கொண்டிருக்கலாம். சொந்த விஷயங்கள் பேச அனுமதி இல்லை. பக்கவிளைவுகளை மட்டும் சொல்லவும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிங்க. எனக்கு ஒரு பக்கவிளைவு. யாராவது கேள்வி கேட்டா நாலு பதில்ல ஒண்ணைத் தேட ஆரம்பிச்சிடறேன். ரொட்டிக்கடைக்காரர் 'என்ன வேணும்'னு கேட்டார். 'அடிக்கடி'ன்னுட்டேன்."

மறுமுனையில் ஓர் இருமல். இருமலா அது!

"பதிவு பண்ணிக்கிட்டேன். வேற?"

"ஒரு கவலை பிடிச்சு ஆட்டுது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க, வாடகை ரூம்ல இருக்காங்க. நேரத்துக்குச் சாப்பிடறாங்களோ என்னமோன்னு."

தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

"அந்தக் கவலைக்கு மருத்துவக் காரணம் இல்லை. சம்பந்தப்பட்டவங்க சாப்பிடறாங்க. ராத்திரியில சில நேரம் மட்டும் விட்டுடறாங்க."

"விடக் கூடாதுன்னு அதையும் பதிவு பண்ணிக்கோங்க. அப்புறம், அவங்க அம்மாகூடப் பேசறாங்களோ இல்லையோன்னு நெஞ்சுல ஒரு அடைப்பு."

"போன வாரம் பேசினாங்க. ரெண்டு பேரும் அழுதாங்க. இப்ப பரவாயில்லை." குரல் கொஞ்சம் கரகரத்துச் சரியானது. "அடைப்பு இப்ப எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தேவலை."

வெளியே யாரோ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் மொட்டைமாடிக்குப் படியேறிப் போனார்கள். லிஃப்ட்காரர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வேற ஏதாவது பக்கவிளைவு இருக்கா?" என்று அவள் கேட்டாள். கையேட்டில் அவ்வளவுதான் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்: "அவசரமில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த லைனுக்கு வேற யாரும் போன் பண்றதே இல்லை."

லிஃப்ட்காரர் யோசித்தார். எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெதுவாக யோசித்தார்.

"இருக்கு" என்றார்.